சக்சேனாவின் கைக்குட்டை

பரேலியில் நீர்ப்பாசனத் துறைத் தலைமை எழுத்தர் திரிலோகிநாத் சக்சேனாவுக்கு அழுகை வருவது அபூர்வம். பெற்ற தாய் போனபோதுகூட, சுடுகாட்டு விறகு ஈரமாக இருக்கிறதென்று சண்டை போட்டாரே தவிர அழவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரை அந்த மழைக்காலத்தில் ஒரு காதல் படம் அழவைத்தது. ஒரு தடவை அல்ல, ஏழு தடவை.

படத்தின் கடைசியில், மாப்பிள்ளை ஏறி வந்த குதிரையைப் பெண்ணின் தகப்பன் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, மகளை அவள் காதலனின் சைக்கிளில் ஏற்றிவிடுவான். அந்த இடம் வந்ததும் சக்சேனா கைக்குட்டையை எடுப்பார். மறுநாள் அலுவலகத்தில் கோப்புகளை ஓரம் தள்ளிவிட்டுப் பிரசங்கம் நடக்கும்.

"அவன்தான்யா தகப்பன். பொண்ணு மனசு தெரிஞ்சவன். நாமளும் இருக்கோமே."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலைமை எழுத்தர் சொன்னால் வேறென்ன செய்வது?

வீட்டிலும் தொடர்ந்த அந்தப் பேச்சை நிஜமென்று நம்பிய ஒரே ஜீவன் அவருடைய மகள் குமுதினி. பள்ளிக்கூட டீச்சர். கூட வேலை பார்த்த ஹரீஷ் மௌரியாவை அவளுக்குப் பிடித்திருந்தது. சாதிதான் வேறு. அப்பாவிடம் சொல்ல நல்ல வேளை பார்த்துக் காத்திருந்தவள், ஏழாவது தடவை அவரோடு தானும் படத்துக்குப் போனாள். திரும்பும் வழியில், அவர் கண்ணில் ஈரம் காய்வதற்குள், ரிக்‌ஷாவில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

சக்சேனா கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"நம்ம காயஸ்த சாதியில மாப்பிள்ளைக்கா பஞ்சம்?"

"இல்ல பாபூஜி, படத்துல அந்த அப்பா..."

"அது அவன் பொண்ணு. யாருக்கோ குடுத்தான், எனக்கென்ன வந்துச்சு? நீ என் பொண்ணு."

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அந்தக் கோயிலை அவர் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே இடித்து முடித்தார்.

அடுத்த மாதமே பக்கத்து ஊரான பிலிபித்தில் சொந்தச் சாதியிலேயே மாப்பிள்ளை கிடைத்தார். குமுதினி மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் சக்சேனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். "நான் போயிட்டா நீ சந்தோஷமா இரும்மா" என்று முனகினார். அவள் பயந்துபோய்ச் சரியென்றாள். அன்று மாலையே எழுந்து உட்கார்ந்து கச்சோரி நாலு சாப்பிட்டார். என்ன நெஞ்சுவலியோ அது.

கல்யாணத்துக்கு அவர் செய்த பெரிய ஏற்பாடு வீடியோக்காரனைப் பிடித்ததுதான். "பொண்ணு கெளம்புற நேரத்துல என் மூஞ்சியக் கிட்டக்கப் பிடிப்பா. மேல அந்தப் படத்துப் பாட்டைப் போட்டுடு," என்று இரண்டு தடவை சொல்லிவைத்தார். கஞ்சி போட்ட புதுக் கைக்குட்டையும் தயார்.

விடியற்காலையில் குமுதினி வாசலுக்கு வந்தாள். அரிசியை மூன்று பிடி அள்ளி, திரும்பிப் பார்க்காமல் தலைக்கு மேலாகப் பின்னால் எறிந்தாள். அம்மா விசும்பிக்கொண்டே அதை முந்தானையில் ஏந்தினாள். பிறந்த வீட்டில் தின்றதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, இனி இங்கே பாத்தியதை இல்லை. வீடியோ விளக்கு எரிந்தது. சக்சேனா கைக்குட்டையோடு முன்னால் வந்து மகளைக் கட்டிக்கொண்டார். அவள் கண் காய்ந்து கிடந்தது. அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"இது உங்க பொண்ணு, பாபூஜி. இப்ப அழுங்க."

வரவில்லை. கைக்குட்டையால் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. விளக்கு முகத்திலேயே நின்றது. கார் கிளம்பிப் போய்விட்டது.

கேசட்டில் அந்த இடத்தில் பாட்டுதான் ஓடுகிறது. குமுதினியின் உதடு அசைவது மட்டும் தெரியும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள், புள்ள என்ன சொல்லுச்சு என்று கேட்கிறார்கள்.

"உடம்பப் பாத்துக்கோங்கன்னு சொன்னா," என்கிறார் சக்சேனா.