கைப்பிடி வைக்காத பெட்டி

என் அண்ணனுக்குச் சின்னச் சாமான்கள் செய்யத்தான் பிடிக்கும். முக்காலி, கண்ணாடிச் சட்டம், ஊசிநூல் பெட்டி, பைபிளைச் சாய்த்து வைத்துப் படிக்கிற பலகை. பகலில் தூத்துக்குடி கடற்கரையில் ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால், முற்றத்தில் பலகை இழைக்கிற இழைப்புளிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கடையில் நல்ல பலகை கிடைக்காது. கப்பலில் சரக்கு வந்த பெட்டிகளின் உடைசல்களை ஆபீசில் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். தேயிலைப் பெட்டிப் பலகை வந்தால் அந்த வாரம் வீடே மணக்கும். இப்போதும் தேயிலை டப்பாவைத் திறந்தால் எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வருகிறது.

பெரிய சாமான் எதையும் அவன் தொடமாட்டான். எங்கள் வாசல் கதவு ஐப்பசி பிறந்தால் மழை ஈரத்தில் உப்பிப்போகும். தோளைக் கொடுத்து முட்டினால்தான் திறக்கும். அது வீட்டில் என் வேலை. கோயிலுக்குப் போய்த் திரும்பினால் அம்மா பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். நான் நாலடி பின்னால் போய், ஓடி வந்து மோதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“ஊருக்கெல்லாம் பெட்டி செஞ்சு குடுக்கான், வாசக் கதவ இழைக்க மாட்டேங்கான். ஏலே, பொட்டப்புள்ள தோளு என்னத்துக்கு ஆவும்?” என்று அம்மா சத்தம் போடுவாள்.

“அது ஆசாரி வேலைம்மா. ஆசாரியக் கூப்பிடு” என்பான். அப்படியானால் நீ செய்வது என்ன வேலை என்று மட்டும் அவனிடம் கேட்டுவிடக் கூடாது. இரண்டு நாள் பேசமாட்டான்.

எனக்குச் சாயர்புரத்தில் மாப்பிள்ளை பேசி முடிந்ததும், தாலி வைக்க ஒரு பெட்டி செய்து சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தான். அப்பா இல்லாத வீட்டிலிருந்து போகிற பெண் என்று யாரும் என்னை இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது. அதுதான் அவன் கவலை. கப்பல் பெட்டிப் பலகை இதற்கு ஆகாது என்று, கடற்கரையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு பழைய தோணியின் தேக்குத் துண்டை வாங்கி வந்தான். ஆனி, ஆடி மேல்காற்றில் உதடு வெடிக்கிற நாட்கள் முழுக்க அவன் குடித்தனம் அந்தப் பெட்டியோடுதான்.

ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கினான். மூடியை மேலே வைத்துக் கையை எடுத்தால் அது தானாக மெல்ல இறங்கும். உள்ளே இருக்கிற காற்று புஸ்ஸென்று வெளியேறும். அந்தப் புஸ்ஸைக் கேட்கவைக்க எதிர் வீடு, பக்கத்து வீடு, பால்காரர் என்று ஒருவரையும் அவன் விடவில்லை.

“மூடியத் தூக்கதுக்கு ஒரு கைப்பிடி வேண்டாமா அண்ணே?” என்று கேட்டேன்.

“கைப்பிடி வச்சா அழகு போயிரும். ஒனக்கு ஒண்ணுந் தெரியாதுளா.”

நிச்சயதார்த்தத்தன்று பெட்டி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. காய்ந்த செம்மண் ஊரில் அது சமர்த்தாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வந்தவர் போனவருக்கெல்லாம் என் மாமியாரும் புஸ் காட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கல்யாணம் ஐப்பசியில். விடாத மழை. மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே, கரிப்புகையில் ஓடுகிற கரிகேஸ் பஸ்ஸில் பெட்டியோடு தூத்துக்குடிக்கு வந்து, கடற்கரையை ஒட்டிய உறவினர் வீட்டில் தங்கினார்கள். அடுக்களையில் உப்புச் சாடி தண்ணீராகக் கசிகிற பருவம். தோணி மரமோ காலமெல்லாம் உப்புத் தண்ணீர் குடித்த மரம். ஈரத்தைக் கண்டால் விடுமா? வருஷம் தவறாமல் உப்புகிற கதவு வழியாகத்தான் அண்ணன் தினமும் ஆபீசுக்குப் போய்வந்தான். இருந்தும் அவனுக்கு இது தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

கோயிலில் பிரசங்கம் முடிந்தது. சபைக் குருவை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் கை நீட்ட, மாமியார் பெட்டியைக் கொடுத்தார். ஐயர் இரண்டு விரலால் மூடியைத் தூக்கினார். பெட்டியும் கூடவே எழும்பியது. மாப்பிள்ளையின் தாய்மாமா அதை வாங்கி முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இழுத்தார். வழுக்கியது. பாடகர்கள் முடித்த பாட்டை மறுபடியும் தொடங்கினார்கள்.

“தாலி வெளிய வர மாட்டேங்குதே. சகுனம் நல்லாயில்லியே” என்று என் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சகுனம் பார்க்கக் கூடாது என்று ஞாயிறுதோறும் கேட்கிற காதுகள்தான். நான் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். இந்த ஒரு பேச்சு போதுமே, ஆயுசுக்கும் சொல்லிக் காட்ட.

அண்ணன் வந்து பெட்டியை வாங்கினான். மூடி சேருகிற இடத்தை விரலால் தடவியதுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. 

“ஒடைக்க வேண்டாம்யா, நல்ல சாமான்” என்றார் தாய்மாமா. “அடுப்புப் பக்கத்துல வச்சா ஈரம் வத்தித் தெறந்துரும். ஐயர் இன்னொரு பிரசங்கம் பண்ணட்டும்.”

“அதுவரைக்கும் என் தங்கச்சி இங்கன நிக்கணுமா?” என்றான் அண்ணன்.

பக்கவாசல் வழியாக மழையில் இறங்கினான். கருங்கல் படியில் ஓங்கி அறைகிற சத்தம் பாட்டையும் மீறி உள்ளே கேட்டது. திரும்பி வந்தபோது தாலி அவன் உள்ளங்கையில் இருந்தது. விரலில் மரச்சிலாம்பு ஏறி ரத்தம் கசிந்தது. ஐயர் ஜெபம் பண்ணியது, மாப்பிள்ளை தாலி கட்டியது எதுவும் என் மனதில் பதியவில்லை. அண்ணன் வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்த உடைசல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாக இருந்தது.

எல்லாம் முடிந்ததும் மாமியார் என் காதருகே குனிந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்தேன். “ஒங்க அண்ணன மொதப் பந்தியில உக்காரச் சொல்லு. வெரல்ல இன்னும் ரத்தம் நிக்கல பாரு” என்றார். என் பயம் அதோடு போனது.

மறுவீட்டுக்கு நாங்கள் வந்த அன்றும் மழைதான். வாசல் கதவு தாழ் போடாமல் சாத்தியிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு கையில் குடையும் மறுகையில் டிரங்குப் பெட்டியுமாக நின்றார். “இது ஒங்களால ஆகாது, தள்ளிக்கோங்க” என்று அவரை ஒதுக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, நாலடி பின்னால் போய், ஓடி வந்து மோதினேன்.

கதவு சும்மா திறந்துகொண்டது. நான் போன வேகத்தில் கூடத்தைத் தாண்டி, அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகின் மேல் விழுந்தேன்.

“ஏளா! சொல்லாம விட்டுட்டமே” என்று அம்மா சிரித்தபடி என்னைத் தூக்கினாள். “ஒன்னய அனுப்பிட்டு வந்த மறுநாளே ஒங்கண்ணன் கதவக் கழத்திப் போட்டு இழைச்சுட்டான்.”

அண்ணன் முற்றத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்தபடி சொன்னான்: “முட்டித் தெறக்கதுக்கு இனி ஆள் இல்லைல்லா.”

நான் சிந்திய அரிசிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பலமாக அடிபட்டுவிட்டது என்று நினைத்து, என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.