ஏழாவது குலுக்கல்

நியூ டவுனில் அரசு வீடு ஒதுக்கும் குலுக்கலுக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் போயிருந்தோம். அக்கா வரவில்லை, வாடகை அறையில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது எனக்குப் பத்து வயது. இன்று நிகழ்தகவு வகுப்பில் பேராசிரியர் டப்பாவில் கோலிகளைப் போட்டுக் குலுக்கியதும், அன்று இரும்பு உருளைக்குள் எண் எழுதிய வில்லைகள் உருண்ட சத்தம் காதில் விழுந்தது.

"ஆறு தடவை விழலை. இந்தத் தடவை விழுந்தே ஆகணும்," என்றார் டிரைவரான அப்பா. அந்தத் தைரியத்தில் வாடகை அறையைக் காலி செய்வதாக முன்பே சொல்லிவிட்டிருந்தார்.

"ஆறு தடவை நீங்க தோத்தது அந்த டப்பாவுக்குத் தெரியுமாக்கும்?" என்றாள் அம்மா.

எங்கள் எண் வரவில்லை. திரும்பி வந்தால், அறைக்குள் வேறு குடும்பத்தின் கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். "நீங்கதானே போறேன்னீங்க?" என்று, நாங்கள் மாசிமா என்று கூப்பிடும் வீட்டுக்கார அம்மா வங்காள மொழியில் கேட்டார். அப்பா இன்னொரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். 

முந்தைய குலுக்கல்கள் அடுத்ததை மாற்றுவதில்லை என்று பேராசிரியர் பலகையில் எழுதினார். நானும் எழுதிக்கொண்டேன். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை.

அன்று மாலையே வேறு அறைக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். அக்காவைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வைத்திருந்த பணம் அது. அவள் பிறகு சேரவே இல்லை. எட்டாயிரம் ரூபாய்.