சூசை அண்ணன் முறையில நின்னுபோன கட்டுமரப் போட்டி

நீல டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் ஊறுகாய் வாடை போகாது. அதைக் கட்டிப்பிடிச்சுத் தண்ணிக்குள்ள இறங்குனா, அன்னைக்கு முழுக்க நம்மளும் எலுமிச்சங்காயாத்தான் மணப்போம்...

அனுமந்தன்பட்டிப் பக்கம் எங்க கண்மாயில ஒரு கட்டுமரக் கிளப் வச்சிருந்தோம். சிரிக்காதீங்க. வலப்பக்கம் மூணு டிரம், இடப்பக்கம் மூணு டிரம், மேல மூங்கில், நடுவுல காத்துப் பிடிக்கிற பாயாத் தார்ப்பாய். அதுதான் எங்க கட்டுமரம். எட்டாப்போட படிப்பை நிறுத்துன நான் அதுக்கு செகரட்டரி. சைக்கிள் என்கிட்டதான் இருந்துச்சு, வேற தகுதி ஒண்ணும் இல்ல.

கிளப் நடத்துறது லேசு இல்லங்க. ஆடிக்காத்து மேற்க இருந்து கிழக்கதான் தள்ளும். காத்தை எதுத்துத் திரும்பி வர்ற வித்தை எங்க யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கிழக்குக் கரையில ஒதுங்கி, கட்டுமரத்தை டிராக்டர்ல ஏத்தி, கரையைச் சுத்திக் கொண்டு வரணும்.

"ஏலே, என் டிராக்டரையும் போட்டியில சேத்துக்கங்கடா. உங்களவிட அதுதான் கூட ஓடுது"ம்பாரு டிராக்டர்காரரு.

அந்தக் கிழக்குக் கரையிலதான் மடையும் இருந்துச்சு. பழகுறப்ப ஒரு தடவை, திறந்திருந்த மடை ஒரு கட்டுமரத்தை இழுத்துருச்சு. ஆளு பிழைச்சது மாதா புண்ணியம். அதுக்கப்புறம் ஊர்ல ஒரே பேச்சாச் சொல்லிட்டாக... மடையை அடைச்சாத்தான் போட்டி.

சரின்னு, எந்த வயலுக்கும் தண்ணி முறை இல்லாத ஞாயித்துக்கிழமையாப் பாத்து நாள் குறிச்சோம். வருசநாட்டுல இருந்தும் ஆளுக வர்றதாச் சொல்லிட்டாக.

அந்த வருசம் கண்மாய்க்கு வர்ற வாய்க்கால்ல தண்ணி ஒரு நாள் பிந்தி வந்துச்சு. முறையெல்லாம் ஒரு நாள் தள்ளிப்போச்சு. ஞாயித்துக்கிழமை சூசை அண்ணன் முறை ஆயிருச்சு. கடைசி வயல் அவரோடது. அன்னைக்கு முறையைத் தவறவிட்டா அடுத்த சுத்து வரைக்கும் பயிரு தாங்காது.

"நீ போயி கேளு செகரட்டரி. அரைநாள்தான?"ன்னான் கிளப் தலைவர் பாண்டி.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். வெடிப்புக்குள்ள செருப்பு மாட்டுது. நட்ட நாத்து நுனியெல்லாம் மஞ்சளா நிக்கிது. இருந்த ஈரத்தையும் காத்து உறிஞ்சிக்கிட்டு இருக்கு... நல்லா அடிக்கணும்னு நாங்க வேண்டிக்கிட்ட அதே காத்து.

"வாப்பா செகரட்டரி. என்ன சேதி?"ன்னாரு சூசை அண்ணன்.

"சும்மாதான்ணே..."

"கறிக்குழம்பு வாடை வந்தாத்தான் நீ சும்மா வருவ. இங்கன ஒண்ணும் கொதிக்கலையேப்பா."

அவரு சம்சாரம் வரப்புல நின்னுக்கிட்டுச் சொன்னாக, "வாய்க்காலை வெட்டி வச்சிட்டோம் தம்பி. காலையில தண்ணியத் திருப்பி விட்டுட்டு நாங்களும் போட்டி பாக்க வந்துருவோம்."

மடையை அடைக்கணுங்கிற சங்கதியே அவுகளுக்குத் தெரியாது. "வாங்கக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டுச் சைக்கிளைத் திருப்பிட்டேன்.

பாண்டி பிடிச்சுக்கிட்டான். "மைக்கைக் குடுத்தா கீழ வைக்கமாட்ட. ஒரு வார்த்தை கேக்க வாய் வரலையாக்கும்?"

"அப்ப நீயே போயி கேளு."

போனான். இருட்டுறதுக்குள்ள திரும்பி வந்து, டிரம்மு மேல உக்காந்தான். அவனும் கேக்கல.

மறுநாக் காலையில வருசநாட்டு ஆளுக டிரம்மோட வந்து இறங்குனாக. போட்டி இல்லைங்கிறதையும், ஏன் இல்லைங்கிறதையும் சொன்னோம். வாங்கிக்கட்டிக்கத் தயாராத் தலையைக் குனிஞ்சு நின்னோம். அவுகள்ல மூத்தவரு, மடையில தண்ணி ஓடுறதைக் கொஞ்ச நேரம் பாத்தாரு.

"சோறு ஆக்கியாச்சா?"

"ஆச்சுண்ணே."

"அப்ப எலையைப் போடுங்க."

சாப்பிட்டுட்டு, இறக்குன டிரம்மை மறுபடி ஏத்திக் கட்டிக்கிட்டுப் போயிட்டாக. அதுக்கப்புறம்தான் சூசை அண்ணனும் சம்சாரமும் கால் சேத்தைக் கழுவிட்டுக் கரைக்கு வந்தாக.

"போட்டி முடிஞ்சிருச்சாப்பா?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"யாரு ஜெயிச்சா?"

பாண்டி என் மூஞ்சியப் பாத்தான். "வருசநாடு"ன்னேன்.

"அதான பாத்தேன். நீங்க எங்க ஜெயிக்க..."ன்னு சிரிச்சிக்கிட்டே போனாரு.

கிளப் அதோட கலைஞ்சிருச்சு. சூசை அண்ணனும் இப்ப இல்ல. அவரு வயல்ல பிளாட் கல்லு நட்டிருக்கு. மடைக்கு இரும்பு ஷட்டர் வந்திருச்சு, சக்கரத்தைச் சுத்துனா ஒரு சொட்டு ஒழுகாது. லைஃப் ஜாக்கெட்டுகூட போன்லயே ஆர்டர் போடலாம்.

போன ஆடியில மகளோட அந்தக் கரையில வண்டியை நிறுத்தினேன். கண்மாய் நிறையத் தண்ணி, மேக்காத்து. மடையை நாள் பூரா அடைச்சு வச்சாலும் இன்னைக்கு அந்தக் கடைசி வயலுக்காக ஒருத்தரும் கேக்க வரப்போறதில்ல. தாராளமாப் போட்டி வைக்கலாம்...

"இறங்கலையாப்பா?"ன்னுச்சு மக.

"இல்ல ஆத்தா"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டேன்.