ஹாலந்து மிட்டாய் கிண்டிய கதை

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. கப்பல் வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் கழித்து லீவில் வந்திருந்தார். வந்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. சீலா மீன் குழம்பு வைத்தாலும் சரி, வெறும் கஞ்சி ஊற்றினாலும் சரி, தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். இந்தத் தடவை அவரைக் கப்பலேற விடக் கூடாது, ஊரிலேயே ஒரு வேலை பார்க்க வைத்துவிட வேண்டும் என்று நான் கிடந்து தவித்தேன். பேசாத மனுஷனிடம் அதை எப்படிக் கேட்பது?

அவர் ஆசையாகப் பேசியது ஒன்றைப் பற்றித்தான். ஹாலந்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு மிட்டாய். எனக்கும் ஒன்று தந்தார். இனிப்பும் உப்புமாக, இருமல் மருந்தை வற்றவைத்தது போல இருந்தது. கண்றாவி. எல்லாம் தீர்ந்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஏளா, இத வீட்டுலயே செஞ்சிரலாம்," என்றார்.

"எங்கன படிச்சிய இத?"

"கப்பல் சமையக்காரன் செய்வான்."

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்கு மதி எங்கே போயிற்று? என் மதி, இவர் என்னிடம் இவ்வளவு பேசுகிறாரே என்கிற சந்தோஷத்தில் போயிற்று.

அதிமதுரம், கருவேலம் பிசின், நவச்சாரம் என்று அவர் சொன்னதையெல்லாம் நாட்டுமருந்துக்கடையில் கேட்டேன். "நவச்சாரம் பாத்திரத்துக்கு ஈயம் பூசவா?" என்றார் கடை அண்ணாச்சி. மிட்டாய்க்கு என்றேன். "மிட்டாய்க்கா? வீட்டுக்காரர் மேல அம்புட்டுக் கோவமா தாயி?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

குசினியில் அவர் என் பக்கத்திலேயே நின்றார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதிமதுரத்தை நசுக்கி ஊறவைத்து, வேகவைத்து வடித்து, கருப்பட்டியும் பிசினும் சேர்த்துக் கிண்டியதில் தோள்பட்டை கழன்றது. கடைசியில் உப்பும் நவச்சாரமும் போட்டபோது மூக்கில் சுருக்கென்று ஏறியது.

"தீயக் கொற. ஒரு சொட்டு தண்ணியில விட்டுப் பாரு, உருண்டு வரும்," என்றார். உருண்டு வந்தது. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, ஆறியதும் துண்டு போட்டேன்.

ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். வேலைப் பேச்சை எடுக்க இதுதான் நேரம் என்று நான் வாயெடுக்கப் போனேன். அதற்குள் அவர், "அப்படியே அவ கைப்பக்குவம்," என்றார்.

சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். எந்த அவள் என்று நான் கேட்கவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அவரும் மழுப்பவில்லை. ஒரு பொய் சொல்லி ஏமாற்றக்கூட நான் லாயக்கில்லையா என்ற ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த வாரம் கப்பலேறப் பெட்டி கட்டினார். மிச்சமிருந்த மிட்டாயைப் பொட்டலம் கட்டி நீட்டினேன்.

"கொண்டு போங்க. அவளுக்கும் குடுங்க."

தூக்கி எறிவார், இல்லையென்றால் தலையாவது குனிவார் என்று நினைத்தேன். வாங்கி, நசுங்காமல் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.