வாத்தியாரின் இடது கால்

என் மாமாவுக்கு எங்கள் தெருவில் காலெடு வாத்தியார் என்று பெயர். அக்காவின் கணவர் என்பதால் எனக்கு மாமா. கார் ஓட்டக் கற்றுத்தருவதால் மற்றவர்களுக்கு வாத்தியார். "கிளட்ச்லேர்ந்து காலெடு. அது என்ன, கால் நீட்டிக்கிற ஸ்டூலா? மிதிச்சா முழுசா மிதி, கியரை மாத்து, மெதுவா விடு, அப்புறம் காலெடுத்து ஓரமா வை." இதை ஒரு நாளைக்கு நூறு முறை சொல்வார். தூக்கத்திலும் சொல்கிறார் என்று அக்கா புலம்பியிருக்கிறாள்.

நான் மெக்கானிக். அவருடைய பயிற்சிக் கார் என் பட்டறைக்குத்தான் வரும். இப்படி வாய் கிழியப் பேசுகிறவரின் கார் வருஷத்துக்கு இரண்டு கிளட்ச் பிளேட்டைத் தின்றது. தீய்ந்த பிளேட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினால், "படிக்க வர்றவங்க மிதிக்கிறாங்கடா, நான் என்ன பண்ண" என்பார். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஒரு நாள் என்னவோ சத்தம் கேட்கிறது என்று பின்சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். ஓட்டியது அக்கா. அந்தக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு, அவசரத்துக்கு. சிக்னலில் அக்கா முதல் கியர் போட்டுக் கிளட்சைப் படாரென்று விட்டாள். என்ஜின் அங்கேயே அணைந்திருக்க வேண்டும். காரோ ஒன்றுமே நடக்காததுபோல் நகர்ந்தது. எட்டிப் பார்த்தேன். மாமாவின் இடது கால் அவர் பக்கத்துக் கிளட்சை மிதித்துக்கொண்டு, பூப்போல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் "காலெடு, காலெடு" என்றது.

முதலில் சிரிப்பு வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் கோபமாகிவிட்டது. அக்கா லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள், இரண்டு முறையும் மேட்டில் நிறுத்தி எடுக்கும் இடத்தில். தேர்வன்று மாமாவின் சீட்டில் அதிகாரி உட்காருவார். அவர் கால் யாருக்கும் உதவி செய்யாது. வெள்ளிக்கிழமை மூன்றாவது தேர்வு. வீடு வீடாகக் காரில் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. லைசென்ஸ் இல்லையென்றால் திங்கட்கிழமை அது வேறொருத்திக்குப் போய்விடும்.

"எனக்கு வண்டியே வராதுடா" என்று அழுதாள். "உங்க மாமா பக்கத்துல இருந்தா நல்லாத்தான் வருது. அந்த ஆபீசர் உக்காந்தா கால் நடுங்குது."

புதன்கிழமை ஆயில் மாற்றுகிற சாக்கில், மாமாவின் கிளட்ச் பெடலை இணைக்கும் பின்னைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். பிரேக்கைத் தொடவில்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா, ஒரே மாமா.

வியாழன் காலை நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன். கார் துள்ளி அணைந்தது. மறுபடி துள்ளி அணைந்தது. ஏழாவது முறை, பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. மாமா வியர்த்து வழிந்து, காலால் கீழே துழாவினார்.

"என்னடா இது, பெடல் செத்துப்போச்சு?"

அக்கா திரும்பினாள். "எந்தப் பெடல்?"

மாமா காலைப் பின்னுக்கு இழுத்தார். அக்கா குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

"அப்ப இத்தனை நாளா வண்டி ஓட்டினது யாருங்க?"

"வண்டி நின்னா பின்னாடி வர்றவன் எல்லாம் திட்டுவான்" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. "உன்னை ஒருத்தன் திட்டினா என்னால தாங்க முடியாது. யாரைத் திட்டினாலும் தாங்கறதில்ல. கால் தானா போயிடுது."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை.

"காலை மடக்கி சீட்டு மேல வைங்க" என்றாள்.

வாத்தியார் முன்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் காலை முழுக்க ஏறி இறங்கினோம். இருபது முறைக்கு மேல் அணைந்திருக்கும். மத்தியானம் அக்கா சட்டென்று, "கால் அடியில என்னமோ உதறுதுடா" என்றாள்.

"அங்கதான். அங்கயே நிறுத்து, இப்ப ஹேண்ட் பிரேக்கை விடு" என்றார் மாமா. கிளட்ச் பிடித்து வண்டி இழுக்கத் தொடங்குகிற இடம் அது. ஐந்து மாதமாக அந்த உதறலை அவள் காலுக்கு வரவிடாமல் தானே வாங்கிக்கொண்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலும்.

வெள்ளிக்கிழமை தேர்வு மேட்டில் கார் ஒரு விரல்கூடப் பின்னால் வரவில்லை. அக்கா லைசென்ஸ் வாங்கினாள். அந்தப் பின் இன்னும் என் டிராயரில்தான் கிடக்கிறது. மாமா கேட்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கென்று கொடுத்த காரை எடுத்துக்கொண்டு அக்கா கிளம்பினாள். முனை வரைக்கும் என்று சொல்லி மாமா பக்கத்தில் ஏறினார், நான் பின்னால். அந்தக் காரில் அவர் பக்கம் பெடல் எதுவும் கிடையாது, தரையில் வெறும் மிதியடிதான். மேட்டுச் சிக்னலில் பச்சை விழுந்தது. மாமாவின் இடது கால் மிதியடியை அழுத்திக்கொண்டு மெல்ல மேலே எழும்பியது.

அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலெடுங்க" என்றாள்.