டெய்லர் அக்காவின் இரும்பு வீடு

விரலை மடக்கி இரும்புச் சுவரைத் தட்டுகிறார். காதை ஒட்டிவைத்துக் கேட்கிறார். ஓரடி தள்ளி மறுபடி தட்டுகிறார். கணீரென்று கேட்டால் ஒரு தலையாட்டல். சத்தம் அமுங்கினால் அந்த இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. "இங்க துரு உள்ள இறங்கியிருக்கு. சுரண்டித்தான் ஆகணும்" என்கிறார், என்னிடமா சுவரிடமா என்று தெரியவில்லை. கடை திறக்கும்வரை, தினமும் காலையில் இரண்டு மணி நேரம் டெய்லர் அக்காவுக்கு இதுதான் வேலை.

வயது ஐம்பது. பள்ளிச் சீருடை தைப்பதில் எங்கள் பக்கம் அவரை மிஞ்ச ஆளில்லை. கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப் தொங்கும். காய்கறி வாங்கப் போனாலும் தொங்கும். கடை மூடியபின் வீட்டிலும் தைப்பதால் பதினோரு வாடகை வீடு மாறியவர். மாடியில் இருந்தால் கீழ்வீட்டுக்காரருக்கு மெஷின் சத்தம் ஆகாது. கீழே வந்தால் மாடிக்காரருக்கு ஆகாது. பதினோராவது வீட்டையும் காலி செய்யச் சொன்னபோது அவர் பன்னிரண்டாவதைத் தேடவில்லை. அப்பா விட்டுப்போன மனையில், அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் பங்கில், கப்பலில் சரக்கு ஏற்றும் பழைய கண்டெய்னர் ஒன்றைக் கிரேன் வைத்து இறக்கினார். சந்துக்கு இந்தப் பக்கம் என் வீடு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணன் அன்றைக்கே கொதித்துவிட்டார். "சரக்குப் பெட்டிக்குள்ள தங்கச்சி குடியிருக்கான்னு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது? எனக்கு இதப் பார்க்கவே பிடிக்கல."

"வழியச் சரியாச் சொல்லுங்கண்ணே, வந்து சேர்ந்துடுவாங்க."

அதோடு அண்ணன் அக்காவிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

வெட்டும் இயந்திரத்தைப் பிடிக்கவும் இரும்பைப் பற்றவைக்கவும் வெல்டர் ஒருவரிடம் ஒரு மாதம் பழகினார் அக்கா. வெட்டும் இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்த பிறகுதான் சுவரை வெட்ட வேண்டும் என்று வெல்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அவசரம். ஒரே காலையில் வாசலையும் பக்கத்திலேயே அகல ஜன்னலையும் வெட்டிவிட்டார். மறுநாள் கூரை இரண்டு விரற்கடை தொங்கி நின்றது.

வெல்டர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இது என்ன துணியா, வெட்டிட்டு ஓரம் அடிக்க? பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

அக்கா அன்று கடையைத் திறக்கவில்லை. மாலையில் எழுந்து முகம் கழுவி, லாரி பட்டறைக்குப் போய் இரண்டு ஜாக்கி இரவல் வாங்கி வந்தார். "பிரிச்சுத் தைக்காத டெய்லர் எவ இருக்கா?" என்றார் என்னைப் பார்த்து.

ஒரே மூச்சில் தூக்கினால் தகரம் மடங்கிவிடும். அதனால் காலையில் ஒரு கால் சுற்று, மாலையில் ஒரு கால் சுற்று திருகினார். ஒவ்வொரு முறையும் டேப்பைப் பிடித்து அளந்தார். நான்காம் நாள் நடுவில் மூன்றாவதாக ஒரு ஜாக்கி நின்றது. அண்ணன் காரில் இருப்பது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. ஒன்பதாம் நாள் கூரை மட்டத்துக்கு வந்தது. அக்காவே இரும்புக் குழாய்களை நிறுத்திப் பற்றவைத்தார். வெல்டர் பற்றவைத்த இடங்களைத் தடவிப் பார்த்து, "ம், பிசிறு இல்ல" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

அதன்பின் வேறு இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொரு ஜன்னல், சட்டம் முதலில், வெட்டு பிறகு. உள்சுவருக்கு வெப்பம் தடுக்கும் பஞ்சும் பலகையும் அடித்தாயிற்று. மெஷின் உள்ளே வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் மெதுவாகப் பின்பக்கம் வந்தார். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். தொண்டையைக் கனைத்தார்.

"மூணு பக்கமும் திறப்பு வெச்சிருக்க. எங்க வீட்டுப் பக்கம் மட்டும் ஏன் மொட்டையா விட்டிருக்க?"

"நீங்கதானே பார்க்கவே பிடிக்கலன்னீங்க?"

அக்கா அண்ணனின் தோளைப் பிடித்துச் சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தி, அவருடைய கண் மட்டத்தில் இரும்பின்மேல் சாக்பீஸால் ஜன்னல் அகலத்துக்கு நீளமாக ஒரு கோடு இழுத்தார்.