ஹாஜியார் வரும் நேரம், என் ஒயின் நேரம்

நிமோனியா என்னை விட்டுப் போனபோது என் சுவையையும் மோப்பத்தையும் உடன் எடுத்துச் சென்றுவிட்டது. வேலூர் மருத்துவமனையிலிருந்து ஆம்பூரில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிய புதிதில், ரசமும் இட்லியும் சாத்துக்குடிச் சாறும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. வெந்நீரில் நனைத்த அட்டையைத் தின்பதுபோல இருந்தது. நானோ தோல் பதனிடும் தொழிலில் வாழ்நாள் முழுவதும் மூக்கை நம்பிப் பிழைத்தவன். ஊறும் தொட்டியின் அருகே நின்ற மாத்திரத்தில் தோல் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவன். அத்தகையவனுக்குத் தன் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் வதங்குவது தெரியவில்லை என்பது, நலம் விசாரிக்க வந்தவர்கள் நினைத்ததைக் காட்டிலும் பெரிய இழப்பு. அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. ஆப்பிளை வாங்கி வைத்துக்கொண்டு நன்றி கூறினேன்.

எனக்கு ஒயின் பிடிக்கும் என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுவது முறை. தயக்கத்தோடுதான் சொல்கிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் தலைவன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் சாலையில் இருந்த மதுக்கடையை அகற்றக் கோரி மனுக் கொடுத்தபோது முன்வரிசையில் நின்றவனும் நானே. இதில் முரண்பாடு இருப்பதாக இன்றும் நான் கருதவில்லை. சாலையோரத்தில் நின்று குடிப்பதும், தன் வீட்டில் தன் நாற்காலியில் அமர்ந்து, இரவு உணவுக்கு முன் ஒரு கிளாஸ் ஒயினை நிதானமாகப் பருகுவதும் ஒன்றல்ல. ஆயினும் இந்த வேறுபாட்டைத் தெருவில் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க இயலாது. ஆகவே என் பாட்டில்கள் படுக்கையறை பீரோவில், கம்பளிகளுக்குப் பின்னால் படுத்திருந்தன. என் மனைவியையும் மகனையும் தவிர வேறொருவருக்கும் அது தெரியாது என்று நான் நம்பியிருந்தேன்.

பழக்கம் இத்தாலியில் ஏற்பட்டது. வேதியியல் பட்டத்தோடு ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் சேர்ந்திருந்த என்னை, ஆலையின் முதலாளி அங்குள்ள ஒரு தோல் ஊருக்குப் பயிற்சிக்காக அனுப்பிவைத்தார். மதிய உணவின்போது தொழிலாளர்கள் கறை படிந்த கைகளோடு மேசைக்கு வந்து, ரொட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு ஒயினையும் வைத்தார்கள். மரியாதைக்காக ஒரு வாய் குடித்தேன். திடுக்கிட்டுப்போனேன். எங்கள் ஆலையில் ஆவாரம்பட்டைச் சாற்றில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்போமே, அதே பிடிப்பு. பட்டையில் உள்ள டானின் தோலின் புரதத்தைப் பற்றி இறுக்குகிறது, தோல் பதமாகிறது. ஒயினில் உள்ள டானின் நம் எச்சிலின் புரதத்தைப் பற்றுகிறது, நாக்கு இறுகுகிறது. அந்நிய நாட்டில், மொழி தெரியாத மேசையில், எனக்குத் தெரிந்த ஒரு பொருளைச் சந்தித்துவிட்டேன். அன்றுமுதல் கியாந்தி என்னும் அந்த ஒயின் எனக்கு உறவாகிவிட்டது.

என்னை அனுப்பிய முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைவிடச் சற்று மூத்தவர்; பிற்பாடு ஹஜ்ஜுக்குப் போய்வந்ததிலிருந்து ஊரே அவரை ஹாஜியார் என்றழைக்கிறது, நானும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருபவர்கள் விஷயம் தெரியாமல் அவருக்கு ஒயின் பாட்டில்களைப் பரிசாகக் கொடுப்பார்கள். அவர் முகம் மாறாமல் வாங்கிக்கொள்வார். அவர்கள் போனதும், பாட்டிலை ஒரு சாம்பிள் தோலில் சுற்றி என் மேசையில் வைத்து, "சார், இது உங்க டிபார்ட்மெண்ட்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் இராது. நான் அதைக் கழிவுநீர்க் கால்வாயில் ஊற்றிவிடுவதாக அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வழி நின்றது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வரும்போதெல்லாம் கொண்டுவருவது மட்டுமே எஞ்சியது.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது, மாத்திரைகள் முடிந்துவிட்டன என்று உறுதி செய்துகொண்டு, என் மகள் வயதுள்ள அந்த டாக்டரிடம், இரவு உணவுக்கு முன் சிறிதளவு ஒயின் அருந்தத் தடையுண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இலக்கணம் பிசகாமல் கேட்டதாகவே நினைவு. என் மனைவி பக்கத்திலிருந்து, "சிறிதளவுன்னா எவ்ளோன்னு கையில காட்டச் சொல்லுங்க டாக்டர்" என்றாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஓர் இடைவெளியைக் காட்டினார். அதன்பின் எங்கள் வீட்டில் என் மனைவியின் விரல்களே அளவுகோலாயின. அவளுடைய விரல்கள் டாக்டரின் விரல்களைவிடச் சிறியவை.

முதல் கிளாஸை ஜன்னலோரம் அமர்ந்து குடித்தேன். மணம் இல்லை; பழத்தின் சுவை இல்லை. ஆனால் விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்கள் மெல்ல இறுகின. துவர்ப்பு, மற்றவற்றைப்போல மூக்கின் தயவில் நிற்பதன்று. அது தொடு உணர்வு. எல்லாம் போன பிறகும் அது மட்டும் என்னிடம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். மகன் கொண்டுவந்திருந்த ஜெர்மன் வெள்ளை ஒயினையும் இன்னொரு நாள் திறந்து பார்த்தேன். நல்ல நாளில் அதில் மல்லிகையும் எலுமிச்சையும் இருக்கும். அன்று புளித்த தண்ணீர். அதன்மேல் குற்றமில்லை. மூடிவைத்துவிட்டு, நாசிக்கிலிருந்து வந்த நம் நாட்டுச் சிவப்புக்கும் கியாந்திக்குமாக மாறி மாறித் திரும்பினேன். அந்த வேளைக்காகவே பகலைக் கடத்தினேன் என்றால் மிகையில்லை.

பகலைக் கடத்த உதவிய இன்னொருவர் ஹாஜியார். மாலைத் தொழுகை முடித்து வருவார். அடுத்த தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன் கிளம்பிவிடுவார். அழைப்பு மணி, முன்தகவல் எதுவும் எங்களுக்குள் இருந்ததில்லை. கேட் கொக்கி விழும் ஓசை கேட்கும். பிறகு அவர் எதிர் நாற்காலியில் இருப்பார். கிடைக்கும் தோலின் தரம், பாலாற்றில் தண்ணீர் வந்ததா வரவில்லையா, இவைதாம் பேச்சு. அவர் வரும்போதெல்லாம் நான் எழுந்து நிற்பேன். முதலாளிக்கு எழுந்து நின்ற உடம்பு. ஓய்வுக்குப் பிறகும் அது உட்காரக் கற்கவில்லை. அவர் கிளம்பி, நன்றாக இருட்டிய பிறகே பீரோ திறக்கும்.

ஒரு நாள் அவர் வரவில்லை. ஆற்காட்டில் உறவினர் வீட்டுக்குப் போயிருப்பதாக முந்தின நாளே சொல்லியிருந்தார். ஆகவே விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே கிளாஸை நிரப்பி ஜன்னலோரம் அமர்ந்தேன். முதல் வாய் உள்ளே போனதும் கேட் கொக்கி விழுந்தது. ஆற்காட்டிலிருந்து திரும்பும் வழியில், மக்கன் பேடா டப்பாவோடு, ஹாஜியார் நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

நான் எழுந்து ஓடினேன். வேறு சொல் இல்லை. கிளாஸோடு படுக்கையறையை நோக்கி ஓட முயன்றவனுக்கு, பாதி வழியில் மூச்சு அடைத்தது. இருமல் பிடித்து உலுக்கியது. கிளாஸ் உடையவில்லை, அதில் இருந்ததெல்லாம் என் வெள்ளை வேட்டியில் கொட்டியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை, உள்ளே வந்த ஹாஜியார் தோளைப் பற்றி நாற்காலிக்கு அழைத்துவந்தார். என் கையிலிருந்த கிளாஸை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். இருமல் நிற்கும்வரை அவர் என் முதுகில் கை வைத்திருந்தார். வேட்டியைப் பார்க்கவில்லை. ஆற்காட்டில் வெயில் ஜாஸ்தி என்றார். பேடா டப்பாவை மேசையில் வைத்தார். வாசலுக்குப் போனவர் திரும்பி என் மனைவியைப் பார்த்தார்.

"வேட்டிய போர்த்தண்ணியில போட்டுடாதீங்கம்மா. நம்ம தண்ணியில இரும்பு இருக்குது, பட்டா கறுத்துடும். கேன் தண்ணியில அலசுங்க."

போய்விட்டார். என் மனைவிக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. கேன் தண்ணீரை வீணாக்கச் சொல்கிறாரே என்றாள். எனக்குத் தெரிந்தது. இரும்பு பட்டால் கறுப்பது டானின். பட்டையில் பதனிட்ட தோலில் ஓர் ஆணி கிடந்தால்கூடக் கறுப்புப் புள்ளி விழும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அது பழச்சாறோ கஷாயமோ என்று அவர் ஒரு கணமும் நினைக்கவில்லை.

மறுநாள் மாலை தொலைபேசி ஒலித்தது. "வரலாமா சார்?" என்று கேட்டார் ஹாஜியார். வரலாம் என்றேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. முன்கூட்டிச் சொல்லி வருவதால், அவர் வரும்போது நான் சட்டை அணிந்து, தலை வாரி அமர்ந்திருந்தேன். ஏற்றுமதி ஒப்பந்தத்துக்கு வந்தவர்களைப்போல இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசினோம். பேச்சு சீக்கிரம் தீர்ந்தது. "இத்தினி வருஷமா கேட்டத் தள்ளிட்டு வந்தவரு, இப்ப அப்பாயின்மெண்ட் வாங்கிட்டு வர்றாரு. பெரிய ஆளாயிட்டீங்க" என்றாள் என் மனைவி. அன்றிரவு நாசிக் ஒயினைத் திறக்கவும் மனமில்லை. சுவையில்லாத நாக்கோடு வாழப் பழகிக்கொள்ளலாம். அந்தக் கேட் ஓசை இல்லாத மாலைக்குப் பழக முடியும் என்று தோன்றவில்லை. அவர் என்னைக் கீழாக நினைத்துவிட்டார் என்றே முடிவு செய்தேன். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் கேட்டதும் திட்டமிட்டுக் கேட்டதல்ல. அவர் விடைபெற எழுந்தபோது, நானும் வழக்கம்போல எழுந்து நின்றேன். சொற்கள் தாமாக வந்தன.

"நீங்க போன் பண்ணி வர்றது எனக்குச் சரியாப் படல. அன்னிக்குப் பாத்ததுல உங்களுக்கு வருத்தம் இருந்தா நேரா சொல்லிடுங்க."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி, மடித்து, மறுபடியும் விரித்தார். "இன்னா சார் பேசறீங்க? நீங்க குடிச்சதுக்கா நான் போன் பண்றேன்? நீங்க ஓடுனதுக்குப் பண்றேன். சீக்காளி மனுஷன், என்னைப் பாத்து எழுந்து ஓடுறீங்க. நான் இன்னா போலீஸா? உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா அது என் மேலதானே."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் குரல் தணிந்தது.

"பாட்டிலு உங்க டிபார்ட்மெண்ட். அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்க மாட்டேன். நான் இருக்கும்போது மட்டும் வேணாம். நான் போனப்புறம் பொறுமையா உக்காந்து குடிங்க."

அப்படியானால் போன் வேண்டாம் என்றேன். அவர் யோசித்தார். யாரிடமும் எதையும் நிபந்தனையின்றி விட்டுக்கொடுக்காத வியாபாரி அவர்.

"நீங்க எனக்கு எழுந்து நிக்கறத விடுங்க. நானும் போன விட்டுடறேன்."

இது என்னிடம் கேட்கக்கூடாத விலை. இருந்தும் சம்மதித்தேன்.

மறுநாள் மாலை ஜன்னலோரம் அமர்ந்திருந்தேன். தொலைபேசி மேசையில் மௌனமாக இருந்தது. வேட்டி, கேன் தண்ணீரில் அலசிய அதே வேட்டி. கறை முழுதும் போகவில்லை, வெளிறிய ரோஜா நிறத்தில் முழங்காலருகே நின்றுவிட்டது. கறுக்கவில்லை. ஆற்காட்டுப் பேடாவில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இனிப்பு எங்கோ தொலைவில் இருந்தது. இருந்தது என்பதே அன்றைய செய்தி. கேட் கொக்கி விழுந்தது. என் இரு கைகளும் நாற்காலியின் பிடியில் ஊன்றிக்கொண்டன. முழங்கால்கள் தாமாக நிமிரத் தொடங்கின. காலடி ஓசை நடையில் கேட்டது. கைகளைப் பிடியிலிருந்து எடுத்து மடியில், அந்தக் கறையின் மேல் வைத்துக்கொண்டேன்.

ஹாஜியார் வாசற்படியில் ஒரு கணம் நின்று பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்தார்.

"பாலாத்துல தண்ணி வந்துடுச்சாம் சார்" என்றார்.